பக்க ஓரத்தில் ஓர் உரை

எடுத்த வினையை முடித்து ஊர் திரும்பும் தலைவன் ஒருவன் தன் தேர்மணிகளின் நாக்கைக் கட்டிவிட்டு வருகிறான். வழியில் பூத்த சோலை. அதில் துணையோடு தங்கித் தாதுண்ணும் வண்டுகள் மணியோசை கேட்டு மருண்டுவிடக் கூடாது என்பது அவன் கவலை. அகநானூற்றின் நான்காம் பாட்டில் குறுங்குடி மருதனார் காட்டும் காட்சி இது.

வேகமாகப் படிப்பவர், 'எவ்வளவு இளகிய மனசு!' என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். சற்று நின்று, 'இதை யார் யாரிடம் சொல்கிறார்கள்?' என்று கேட்டால் பாட்டு வேறு விதமாகத் திறக்கும். பேசுபவள் தோழி, கேட்பவள் தலைவி. முல்லை அரும்பிவிட்டது, கார்காலம் வந்துவிட்டது, அவனை இன்னும் காணோம். அந்தத் தவிப்பில் இருப்பவளிடம்தான் தோழி மணியின் கதையைச் சொல்கிறாள். ஒரு வண்டின் இணையைக் கலைக்கவே மனம் வராதவன், தன் இணையைத் தவிக்க விடுவானா? இந்தக் கேள்வி பாட்டில் எழுதப்படவில்லை. நின்று படிப்பவருக்குத்தான் அது கேட்கும்.

13-ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் பேராசிரியர், தொல்காப்பியச் செய்யுளியலுக்கு உரை எழுதும்போது 'நோக்கு' என்ற உறுப்பை விளக்க இதே பாட்டைத்தான் எடுத்துக்கொண்டார். இந்தச் சொல் ஏன் வந்தது, இது இல்லாவிட்டால் என்ன குறையும் என்று சொல்சொல்லாக நின்று சொல்லிக்கொண்டே போகிறார். இலக்கியத்தை ஊன்றிப் படித்துக் குறிப்பெடுப்பது மேலைநாட்டு வகுப்பறைகளிலிருந்து நமக்கு வந்த வித்தை என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த உரைப் பகுதியைத்தான்.

நான் புக்கிட் தெங்காவில் குடியிருக்கும் தமிழாசிரியை. இடைநிலைப்பள்ளியில் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கு எஸ்.பி.எம். தமிழ் இலக்கியப் பாடம் நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறியதும் எங்கள் வீட்டுக் கூடத்தில் சிலர் கூடுவோம். பிறைத் தொழிற்பேட்டையில் இரவு வேலைமாற்று முடித்து அப்படியே வருபவர் ஒருவர். கொமுட்டர் ரயிலில் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து பெர்ரி ஏறித் தீவுக்கு வேலைக்குப் போகும் பெண் ஒருவர். தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த பாட்டி ஒருவர். ஒரு சிறுகதை, அல்லது ஒரு நாவலின் ஓர் அத்தியாயம், அவ்வளவுதான் அன்றைய படிப்பு. மாணவர்களும் சரி, இவர்களும் சரி, என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது:

"டீச்சர், எல்லா வரியும் முக்கியமாத்தான் தெரியுது. எதைக் குறிச்சி வைக்கிறது?"

உணர்ச்சிக்கு முன் இடம்

எங்கள் கூடத்தில் கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையைப் படித்தோம். கதைசொல்லி அக்கம்பக்கத்துப் பிள்ளைகள்மீது உயிரையே வைத்திருப்பவர். அவர்களுக்குப் புத்தகங்கள் கொண்டுவந்து கொடுப்பவர். சித்ராவுக்கும் சுந்தரராஜனுக்கும் ஒவ்வொரு டைரியை அன்பளிப்பு என்று எழுதித் தருகிறார். சாரங்கன் என்ற பையனுக்கு ஒன்றும் இல்லை. பிறகு அவன் அவரை வருந்தி அழைத்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகிறான். உபசரிக்கிறான். கடைசியில் ஒரு டைரியை எடுத்து நீட்டுகிறான். என்ன எழுத வேண்டும் என்பதையும் அவனே சொல்கிறான்.

பெர்ரியில் வேலைக்குப் போகும் பெண் தன் பயிற்சிப் புத்தகத்தில் 'முடிவு மனசைக் கனக்க வைத்தது' என்று எழுதியிருந்தார். உண்மையான வரிதான். ஆனால் ஆறு மாதம் கழித்து அதைத் திறந்து பார்த்தால் அவருக்கே அது எதையும் திருப்பித் தராது. "எந்த இடத்துல கனத்துச்சி? அந்த இடத்தை மட்டும் எழுதுங்களேன்" என்றேன். அவர் பக்கத்தைப் புரட்டி, பென்சிலை வைத்துக்கொண்டு தேடினார். பிறகு எழுதியது: 'டைரி ஏற்கெனவே சாரங்கன் கையில் இருக்கிறது.'

அந்த ஒரு வரி கதையின் பூட்டைத் திறந்துவிட்டது. டைரி வேண்டும் என்பது சாரங்கனின் குறையாக இருந்திருந்தால், டைரி கிடைத்ததும் கதை முடிந்திருக்க வேண்டும். காசுக்குக் கிடைக்கும் பொருள் அவனிடம் வந்துவிட்டது. காசுக்குக் கிடைக்காத அந்த ஒரு வரியைக் கேட்டுத்தான் அவன் அவரை வீடுவரை அழைத்துப் போயிருக்கிறான். அடுத்த குறிப்பும் அவருடையதே: 'எல்லாப் பிள்ளைகள்மீதும் அன்பு என்று சொல்வது யார்? கதைசொல்லி. சாரங்கன் அப்படிச் சொல்லவில்லை.' இதை எழுதிவிட்டு அவர் கதையை மறுபடி முதலிலிருந்து படித்தார். முதல் வாசிப்பில் குழந்தைகளின் கூச்சலில் மறைந்துபோயிருந்த சாரங்கன், இரண்டாம் வாசிப்பில் ஒவ்வொரு பக்கத்திலும் நிற்பது தெரிந்தது.

நான் சொல்ல விரும்புவது இதுதான். இலக்கியக் குறிப்பில் நம் கருத்து கடைசியில் வரட்டும். முதலில் பிரதியில் என்ன இருக்கிறது என்பதை, எந்தப் பக்கம், எந்தச் சொல் என்று எழுதுவோம். நமக்கு ஏற்பட்ட உணர்ச்சி நம்மோடு மாறிக்கொண்டே இருக்கும். அதை உண்டாக்கிய இடம் மாறாது. அந்த இடத்தைக் குறித்துவைத்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம், தான் முன்பு நினைத்தது சரியா என்று பார்க்கலாம், இன்னொருவரை அழைத்துப்போய்க் காட்டலாம்.

சாமிநாதையரின் தேடல்

ஒருவருடைய குறிப்புகள் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு நம்மிடம் உள்ள மிகப் பெரிய சாட்சி உ.வே. சாமிநாதையர். 1880 பிப்ரவரியில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ 25. அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று படித்துக் குவித்தவர். அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று, அந்த ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். முதலியார் அவர் படித்தவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். படித்ததில்லை. முதலியார் கொடுத்த பிரதியை வைத்துக்கொண்டு அவருக்கே பாடம் சொல்லத் தொடங்கினார் ஐயர்.

நச்சினார்க்கினியரின் உரை உடன் இருந்தது. ஆனால் அந்த உரையே ஒரு காடு. உரையாசிரியர் பழைய நூல்களிலிருந்து வரிகளை எடுத்துக்காட்டுகிறார், எந்த நூல் என்று சொல்வதில்லை. கதையைக் குறிப்பால் சுட்டுகிறார், முழுதும் சொல்வதில்லை. சமண மரபுச் சொற்கள் வேறு. ஐயர் விளங்கியதை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடவில்லை. விளங்காததைக் குறித்துக்கொண்டார். சமயச் செய்திகளைக் கும்பகோணத்திலேயே வாழ்ந்த சந்திரநாத செட்டியார் முதலான சமணர்களிடம் நேரில் போய்க் கேட்டார். சிந்தாமணியைப் பாராயணமாகப் படித்து நிறைவு விழாக் கொண்டாடும் வீடுகள் தம் ஊரிலேயே இருப்பதை அப்போதுதான் அவர் அறிந்தார்.

எடுத்துக்காட்டு வரிகளைத் தனியே தொகுத்துவைத்தார். சொற்களுக்கும் செய்திகளுக்கும் அகராதிகள் தயாரித்துக்கொண்டார். பின்னர்த் திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளில் சங்க நூல்களைப் பார்த்தபோது, உரையில் படித்த வரிகள் அங்கே மூலத்தில் எதிர்ப்பட்டன. எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் குறித்துவைத்த ஒவ்வொரு வரியும் ஒரு நூலின் வாசலாக இருந்திருக்கிறது. 1887-இல் சீவக சிந்தாமணி, 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என்று அச்சில் வரிசையாக வந்தன. மணிமேகலையின் பௌத்தச் செய்திகளுக்கு ஆங்கில நூல்களைப் படித்து விளக்கியவர், உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியர். தமக்குத் தெரியாத இடம் எது என்று ஐயருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் யாரிடம் போய் என்ன கேட்பது என்பதும் தெரிந்திருந்தது.

மாணவர்களிடம் இதை நான் அழுத்திச் சொல்வேன். 'விளங்கவில்லை' என்று மட்டும் எழுதாதே. எந்தச் சொல் விளங்கவில்லை, அது வரும் வாக்கியத்தில் மற்றவை விளங்குகின்றனவா, விளங்கியதை வைத்து நீ என்ன ஊகிக்கிறாய் என்று எழுது. அப்படி எழுதிய கேள்விக்குத்தான் விடை கிடைக்கும்.

ஐயர் விட்டுச்சென்ற அச்சு

ஐயர் 1937-இல் தாமே உரை எழுதிக் குறுந்தொகையை வெளியிட்டார். அந்தப் பதிப்பில் ஒவ்வொரு பாட்டின் கீழும் அவர் எழுதியிருக்கும் பகுதிகளைப் பாருங்கள்: பதவுரை, முடிபு, கருத்து, விளக்கவுரை, மேற்கோளாட்சி (பிற உரைகள் அந்தப் பாட்டை எடுத்தாண்ட இடங்கள்), ஒப்புமைப் பகுதி. பண்டிதர்களுக்கான தலைப்புகள்போலத் தோன்றும். சிறுகதை படிக்கும் சாதாரண வாசகரின் குறிப்புப் புத்தகத்துக்கு இதைவிடப் பொருத்தமான வரிசை எனக்குத் தெரியாது.

பாட்டுக்கு முன்னாலேயே கூற்று வந்துவிடும்: யார், யாரிடம், எந்தச் சூழலில் சொன்னது. கதைக்கும் இதையே முதலில் எழுதலாம். கதையைச் சொல்வது யார்? அவருக்கு எது தெரியும், எது தெரியாது? எதை மறைக்க அவருக்குக் காரணம் உண்டு? தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்குச் சொல்லும் 34 உறுப்புகளில் கூற்று, கேட்போர், களன், காலம் ஆகியவற்றுக்கும் இடம் உண்டு. பேசுபவரையும் கேட்பவரையும் இடத்தையும் நேரத்தையும் செய்யுளின் அங்கமாகவே எண்ணிய மரபு இது.

பதவுரை என்பது சொல்லுக்குச் சொல் பொருள். நாவல் முழுவதற்கும் யாராலும் அப்படி எழுத முடியாது, எழுதவும் வேண்டாம். மனம் தடுக்கிய ஒரு பத்தியைத் தேர்ந்து, அதைக் கையால் பெயர்த்து எழுதினால் போதும். கண் தாண்டிப்போகும் சொல்லைக் கை தாண்டாது. முடிபு என்பது எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து பொருள் முடிகிறது என்பது. நீண்ட வாக்கியங்களில் எழுவாய் எது, பயனிலை எது என்று பிரித்துப் பார்ப்பது இன்றைய நாவலிலும் பல மயக்கங்களைத் தீர்க்கும்.

கருத்து இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது. விளக்கவுரையில்தான் 'ஏன்' என்ற கேள்விகள் வரும். ஏன் இந்தப் பொருள் திரும்பத் திரும்ப வருகிறது, ஏன் இந்தப் பாத்திரத்துக்குப் பெயரே இல்லை, ஏன் அத்தியாயம் இங்கே முடிகிறது? ஒப்புமைப் பகுதியில், இதைப்போல வேறெங்கே படித்தோம் என்பதை எழுதலாம். இது வளர வளரத்தான் ஒருவருக்கு நூலறிவு என்று சொல்லத்தக்கது அமைகிறது. ஒரே எழுத்தாளரின் கதைகளில் குழந்தைகள் வரும் இடங்களை மட்டும் தொகுத்துப் பாருங்கள். அவர் மனத்தின் போக்கு உங்களுக்கே தெரியத் தொடங்கும்.

மேல்நாட்டிலும் இதற்கு நீண்ட மரபு உண்டு. தத்துவ அறிஞர் ஜான் லாக் குறிப்புப் புத்தகத்துக்குப் பொருளகராதி அமைக்கும் முறையை 1686-இல் வெளியிட்டார். தலைப்புச் சொல்லின் முதல் எழுத்தையும் அதில் வரும் முதல் உயிரெழுத்தையும் வைத்துப் பக்கம் ஒதுக்குவது அவர் முறை. நமக்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டாம். புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளில் ஒரு சொல்லும் பக்க எண்ணும் எழுதிவந்தாலே, படித்து முடிக்கும்போது உங்களுக்கென்று ஓர் அகராதி இருக்கும். நான் 2பி பென்சிலைத்தான் பயன்படுத்துகிறேன். இரவல் புத்தகமானால் அதில் ஒரு கோடும் போடாமல், குறிப்பை நோட்டில் பக்க எண்ணோடு எழுதுகிறேன். மஞ்சள் மை பூசும் பேனாவை மாணவர்களிடமிருந்து வாங்கி வைத்துவிடுகிறேன். வண்ணம் பூசிய வரி, ஏன் பூசினாய் என்று கேட்டால் பதில் சொல்லாது. ஓரத்தில் எழுதிய ஒற்றைக் கேள்விக்குறியாவது ஏதோ சொல்லும்.

மலாயாவில் நடந்த வகுப்புகள்

ஊன்றிப் படிப்பதை வாசகர்களுக்குப் பழக்க வேண்டும் என்ற அக்கறை நம் நாட்டில் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. 1950-இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசன் நாளிதழில் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். அதற்கடுத்த சில ஆண்டுகளில் சுப. நாராயணன் தமிழ் முரசில் 'ரசனை வகுப்பு' நடத்தினார். கதையை எழுதப் பழகுவது ஒன்று, கதையைப் படிக்கப் பழகுவது மற்றொன்று. இரண்டும் நாளிதழ் வழியே, தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வேலைசெய்துகொண்டிருந்தவர்களைத் தேடி வந்தன. 1952-இல் கு. அழகிரிசாமி தமிழ் நேசனில் பணியாற்றக் கோலாலம்பூர் வந்தார். 1957 வரை இங்கே இருந்து, எழுதத் துடித்த இளைஞர்களைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தினார். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூடத்தில் 'அன்பளிப்பு' கதையைப் படிக்கும்போது, அதை எழுதியவர் இந்த மண்ணில் உட்கார்ந்து மற்றவர் கதைகளைப் படித்துத் திருத்தியவர் என்ற நினைவு எனக்குப் பெரிய தெம்பு.

மலாயாவுக்கு வெளியே, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ், எழுதியவர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்த குறிப்புகளை ஆராய்ந்து 1929-இல் ஒரு நூலாக்கினார். நன்கு படித்த மாணவர்களும் கவிதையின் நேர்ப்பொருளையே தவறவிட்டிருந்தார்கள். பெயரை மறைத்ததும் பிரதியை மட்டுமே நம்ப வேண்டியிருந்தது, அந்தப் பழக்கம் பலருக்கு இல்லை. நானும் வகுப்பில் சில சமயம் ஆசிரியர் பெயரை மறைத்துக் கதையைக் கொடுப்பதுண்டு. 'புகழ்பெற்ற எழுத்தாளர் என்பதால் நல்ல கதை' என்ற வாக்கியம் அன்றைக்கு யார் தாளிலும் இருக்காது.

பினாங்கில் ஊன்றிப் படித்துக் காட்டும் பணியைத் தொடர்ந்து செய்தவர் ரெ. கார்த்திகேசு. அறிவியல் பல்கலைக்கழகத்தில் மக்கள் தகவல் சாதனத் துறைப் பேராசிரியர், 'வானத்து வேலிகள்', 'அந்திம காலம்' முதலான நாவல்களின் ஆசிரியர். இவ்வளவுக்கும் நடுவே, நம் நாட்டு எழுத்தாளர்களின் புத்தகங்களை அக்கறையோடு படித்து எழுதிவந்தார். 'விமர்சன முகம்' அந்த வாசிப்பின் விளைச்சல். 2016-இல் அவர் மறைந்தார். அவரைப்போல ஒருவர் தனியே சுமந்த வேலையை இனிப் பல வாசகர்கள் பகிர்ந்து சுமக்க வேண்டும்.

நம் நாவல்களுக்கு அரும்பதவுரை

எங்கள் வட்டாரத்தில் தொழிற்சாலைகளும் தாமான்களும் எழுந்திருக்கும் இடங்களில் பல, ஒரு காலத்தில் தோட்டங்கள். ஜூரு, பிறை என்று சொன்னால் இன்றைய பிள்ளைகளுக்குத் தொழிற்பேட்டையும் கடைத்தொகுதியும் நினைவுக்கு வரும். பாட்டிக்கு ரப்பர் மரங்களின் நிரை நினைவுக்கு வரும்.

தோட்டத்து நாவல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தபோது 'பெரட்டு' என்ற சொல் வந்தது. என் மாணவன் ஒருவன் அதைத் தாண்டிப் படித்துக்கொண்டே போனான். பாட்டி நிறுத்தினார். "இருய்யா. பெரட்டுன்னா என்னான்னு தெரியுமா ஒனக்கு?" இருட்டு விலகும் முன்னே எழுந்து போய் வரிசையில் நிற்பது, கிராணி பெயர் கூப்பிடுவது, இன்றைக்கு எந்த நிரை என்று தண்டல் பிரித்துவிடுவது, பிந்தி வந்தால் அன்றைய வேலை இல்லாமல் திரும்புவது என்று எல்லாம் சொன்னார். கைக்குழந்தையை ஆயக்கொட்டகையில் விட்டுவிட்டு ஓடிவர வேண்டும், அதனால் தாய்மார்களுக்குப் பெரட்டு என்றாலே வயிற்றில் புளியைக் கரைக்கும் என்றார். மாணவன் அவ்வளவையும் ஓரத்தில் எழுதிக்கொண்டான். நாவலில் ஒரு பெண் மூச்சு வாங்க வந்து நிற்கும் ஒரே ஒரு வாக்கியம் அதற்குப் பிறகு அவனுக்கு வேறு வாக்கியமாகிவிட்டது.

மங்கு, ஒட்டுப்பால், கட்டிப்பால், காண்டா, லயம். இந்தச் சொற்களை அறிந்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். சயாம் மரண ரயிலைப் பற்றி ஆர். சண்முகம் எழுதிய நாவல் உண்டு, அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' உண்டு. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையை 1942-லும் 1943-லும் போட்டவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஏராளம். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த நாவல்களில் வரும் ஊர்ப்பெயர்களைத் தேசப்படத்தில் தேடிக் குறிப்பதும், குடும்பத்தில் கேட்ட செய்தியை உரிய பக்கத்துக்கு எதிரே எழுதிவைப்பதும் ஓர் எளிய வாசகரால் செய்யக்கூடிய வேலை.

சிலப்பதிகாரத்துக்கு அரும்பதவுரை எழுதியவர் யார் என்று இன்றுவரை நமக்குத் தெரியாது. பெயர் போய்விட்டது, எழுதிய குறிப்புகள் நின்றன. அவை இல்லாவிட்டால் அந்தக் காப்பியத்தின் பல இடங்கள் நமக்கு மூடியே கிடந்திருக்கும். மலேசியத் தமிழ் நாவல்கள் பலவற்றுக்கு அப்படிப்பட்ட அரும்பதவுரை இனிமேல்தான் எழுதப்பட வேண்டும். அதை எழுதத் தகுதியானவர்கள் பல்கலைக்கழகத்தில் மட்டுமே இருப்பதாக நான் நினைக்கவில்லை. இந்த வாரம் வீட்டில் இருக்கும் ஒரு மலேசிய நாவலை எடுங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். ஓர் அத்தியாயத்தை வாய்விட்டுப் படியுங்கள். அவர் நிறுத்தச் சொல்லும் இடத்தில் நிறுத்தி, அவர் சொல்வதைப் பக்க எண்ணோடும் தேதியோடும் எழுதிவையுங்கள்.